மீன் தொட்டியில் கரிக்கு என்ன வேலை?

கலர் மீன் கடையில் தொட்டி வாங்கி, அதற்கு ஒரு ஃபில்டரும் வாங்குகிறவருக்குப் பல சமயம் கூடவே ஒரு சிறு பை கொடுக்கப்படுகிறது. உள்ளே கறுப்பு மணிகளாக ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கும். அதை ஃபில்டருக்குள் எப்போதும் போட்டு வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கடைக்காரர் சொல்லும் வழக்கம். பெட்டியின் மேலும் பெரும்பாலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். மீன் வளர்ப்போரிடையே இந்தக் கரி தேவையா இல்லையா என்ற சண்டை வெகு காலமாக நடக்கிறது. இரு தரப்பும் கரியின் வேதியியலைப் பேசுகின்றன, ஆனால் அது தொட்டிக்குள் எப்போது, எதற்காக வந்தது என்பதைக் கேட்பவர்கள் குறைவு. அந்த வரலாற்றைப் பார்த்தால் சண்டை பெருமளவு தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. தண்ணீரை மாற்றவே கூடாது என்று மீன் வளர்ப்பவர்கள் நம்பிய காலத்தில், அந்த நம்பிக்கை உண்டாக்கிய ஒரு சிக்கலுக்குத் தீர்வாகக் கரி வந்தது. அன்று அது நியாயமான தீர்வு. நம்பிக்கை மறைந்துபோன பிறகும் கரி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இன்று அதற்குச் சில வேலைகள் உண்டு, அவை முடிந்ததும் அது வெளியே வந்துவிட வேண்டும்.

கண்ணாடித் தொட்டியில் உயிரினங்களை வைத்து ஆராயும் பழக்கத்தை 1830களின் தொடக்கத்திலேயே சிசிலித் தீவில் ழான் வில்ப்ரே-பவர் என்ற பெண் அறிவியலாளர் நடத்திக் காட்டினார். ஆனால் வீட்டுக் கூடத்துக்குத் தொட்டியைக் கொண்டுவந்த கொள்கை லண்டனில் பிறந்தது. ராபர்ட் வாரிங்டன் ஒரு வேதியியலாளர். மருந்து தயாரிப்போர் சங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் அழுகிய இலைகளால் தண்ணீர் கெட்டபோது அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, கழிவை நத்தை தீர்க்கிறது. எனவே தண்ணீரை மாற்றத் தேவையில்லை என்று 1850-இல் வேதியியல் சங்கத்துக்கு அறிக்கை தந்தார். 1853-இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் மீன் இல்லம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளியானதும் கண்ணாடித் தொட்டி இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் ஒரு மோகமாகவே பரவியது. அந்த மோகத்தோடு சேர்ந்து பரவியது வாரிங்டனின் கொள்கைதான்: சமநிலை அடைந்த தொட்டி தன்னைத் தானே காத்துக்கொள்ளும், அதில் கை வைப்பது தவறு.

இந்தக் கொள்கைக்கு இருந்த பிடியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஏறத்தாழ நூறாண்டு காலம் மீன் வளர்ப்போர் தண்ணீரை ஒரு சொத்தாகப் பார்த்தார்கள். புதுத் தண்ணீர் பச்சைத் தண்ணீர், அது மீனைக் கொல்லும். பழகிய தண்ணீரே நல்ல தண்ணீர் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கைக்குக் கை மாறிய பாடம். அதற்கு அனுபவ ஆதாரமும் இருந்தது. புதிதாக நிரப்பிய தொட்டியில் மீன்கள் சில நாட்களில் செத்தன, மாதக்கணக்கில் நின்ற தொட்டியில் வாழ்ந்தன. கண்ட உண்மை சரி, சொன்ன காரணம் தவறு. பழைய தொட்டியைக் காத்தது அதன் தண்ணீர் அல்ல. மணலிலும் கண்ணாடியிலும் செடியிலும் படிந்திருந்த நுண்ணுயிர்கள்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் கழிவுநீரில் இந்த மாற்றத்தைச் செய்வது உயிர்கள்தான் என்று பிரான்சில் ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் 1877-லேயே நிரூபித்திருந்தார்கள். அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்கும் வேலையை 1890 வாக்கில் விநோகிராட்ஸ்கி செய்து முடித்தார். மண்ணியலாளருக்கும் சாக்கடைப் பொறியாளருக்கும் தெரிந்திருந்த செய்தி, மீன் தொட்டிக்காரரை வந்தடைய இன்னொரு முக்கால் நூற்றாண்டு பிடித்தது. கரியின் கதை முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

தண்ணீரை மாற்றாத தொட்டிக்குத் தவிர்க்க முடியாத ஒரு விளைவு உண்டு. அழுகும் இலை, எஞ்சிய தீனி, மீனின் கழிவு எல்லாவற்றிலிருந்தும் மெல்லக் கரையும் கரிமப் பொருட்கள் தண்ணீரை மஞ்சளாக்கும். நாளாக ஆகத் தேநீர் நிறத்துக்கே கொண்டுபோகும். கூடவே ஒரு வாடையும் வரும். மீன் உயிரோடுதான் இருக்கும். ஆனால் கூடத்தில் வைத்துப் பார்ப்பதற்காக வாங்கிய தொட்டி பார்க்கும்படியாக இருக்காது. தண்ணீரை மாற்றவும் கூடாது, நிறத்தையும் நீக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கான பொருள் இன்னொரு தொழிலில் தயாராகக் காத்திருந்தது.

கரியின் இந்தக் குணத்தை முறையாக ஆராய்ந்தவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து மருந்தாளரான யோஹான் டோபியாஸ் லோவிட்ஸ். கரித்தூள் கலந்த திரவத்தில் பழுப்பு நிறம் மறைவதை 1785-இல் கண்டார். கெட்டுப்போன குடிநீரின் நாற்றத்தையும் அது போக்கும் என்று காட்டினார். அவர் கண்டுபிடித்ததை முதலில் பெரிய அளவில் பிடித்துக்கொண்டது சர்க்கரைத் தொழில். கரும்புச் சாறும் கிழங்குச் சாறும் வெளுத்தால்தான் வெள்ளைச் சர்க்கரை கிடைக்கும். மான்ட்பெல்லியே நகரின் ஃபிகியே 1811-இல், மரக்கரியைவிட எலும்புக்கரி நிறத்தை நன்றாக இழுக்கிறது என்று கண்டதும் சர்க்கரை ஆலைகள் அதற்கு மாறின. 1900, 1901 ஆண்டுகளில் ஆஸ்ட்ரேய்கோ பெற்ற காப்புரிமைகள் கரியை மேலும் ஒரு படி உயர்த்தின. நீராவியோ கரியமில வாயுவோ செலுத்திக் கடும் வெப்பத்தில் சுடுவது, துத்தநாகக் குளோரைடு சேர்த்துச் சுடுவது என்ற இரு வழிகளில் கரிக்குள் நுண்துளைகளைத் திறக்க முடிந்தது. இன்றைய ஆக்டிவேட்டட் கார்பன் அப்போது பிறந்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு, நச்சுவாயு முகமூடிக்காக இந்தக் கரி பெருமளவில் தேவைப்பட்டது. அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளைச் சேகரித்துத் தருமாறு பொதுமக்களிடமே கேட்டார்கள். தேங்காய்ச் சிரட்டை மிகச் சிறந்த மூலப்பொருள் என்பது அப்போது தெளிவாயிற்று. போர் முடிந்ததும் தொழில் வேறு சந்தை தேடியது. 1930-இல் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக் குடிநீர் நிறுவனம் தண்ணீரின் வாடையையும் சுவையையும் திருத்தக் கரித்தூளைப் பயன்படுத்தியது. பல ஊர்கள் பின்பற்றின. இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சர்க்கரை, வாயு, குடிநீர் என எல்லா இடத்திலும் கரிக்குக் கொடுத்த வேலை நிறத்தையும் வாடையையும் நச்சுவாயுவையும் கரிமச் சேர்மங்களையும் பிடிப்பதே. உப்புகளை நீக்க யாரும் அதை வைக்கவில்லை.

இதே காலத்தின் இன்னொரு அனுபவம் மீன் வளர்ப்போருக்கு மிக முக்கியமானது, ஆனால் அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டுக் குடிநீருக்குக் கரி வடிகட்டிகள் பெரிதும் விற்பனையாயின. வண்டலும் வாடையும் இல்லாத தண்ணீர் வந்ததால் மக்கள் நம்பினார்கள். நுண்ணுயிரியல் வளர்ந்த பிறகு பார்த்தபோது, சில வாரம் பயன்பட்ட கரிக்குள் பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகியிருந்தன. உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வந்த தண்ணீரில் அவை அதிகமாக இருந்ததும் உண்டு. மருத்துவர்கள் அந்த வடிகட்டிகளைக் கைவிடச் சொன்னார்கள். குடிக்கும் தண்ணீருக்கு அது கேடு. மீன் தொட்டிக்கோ அதுவே வரம். நாள்பட்ட கரியில் நுண்ணுயிர் குடியேறும் என்ற அந்தச் செய்தியில்தான், மீன் தொட்டியில் கரி ஏன் நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றியது என்பதற்கான விடையும் இருக்கிறது.

சிறிய மின்சாரக் காற்றுப் பம்புகளும் மலிவான பிளாஸ்டிக்கும் வந்த பிறகு, இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், மூலைப் பெட்டி ஃபில்டர் அமெரிக்க வீடுகளில் எங்கும் பரவியது. தொட்டியின் மூலையில் ஒரு சிறு பெட்டி, அதில் கீழே கரி, மேலே கண்ணாடிப் பஞ்சு, காற்றுக்குமிழி இழுத்துவரும் தண்ணீர் பஞ்சின் வழியாகவும் கரியின் வழியாகவும் போய் வரும். பஞ்சு அழுக்கைப் பிடித்தது, கரி மஞ்சளை எடுத்தது, மீனும் நலமாக இருந்தது. இந்த மூன்றாவது பயனையும் கரியின் கணக்கில் எழுதிவிட்டார்கள். உண்மையில் பஞ்சின் இழைகளிலும் கரியின் மேற்பரப்பிலும் குடியேறிய நுண்ணுயிர்களுக்கு ஓடும் தண்ணீர் தீனியையும் ஆக்சிஜனையும் கொண்டுவந்து தந்தது. அதே இடத்தில் கூழாங்கல் இருந்திருந்தாலும் அவை வந்திருக்கும். அன்று விற்ற கரியும் பல சமயம் ஆக்டிவேட்டட் கார்பன்கூட இல்லை. பளபளவென்ற சாதாரணக் கரித்துண்டுகளும் விற்றன, எலும்புக்கரியும் இருந்தது. எலும்புக்கரியில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், கார்பன் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பாசி வளரக் கூடாது என்று நினைப்பவர் தொட்டியில் பாஸ்பேட் போடுவது எவ்வளவு பொருத்தமற்றது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் காலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரை மாற்றக் கூடாது என்று ஏற்றுக்கொண்டவருக்கு அந்த மஞ்சள் நிறத்தைப் போக்கக் கரியைவிட நல்ல வழி கிடையாது. தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் செய்தார்கள்.

கரி செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அதன் எல்லையும் தெரியும். ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமின் உட்பரப்பு, சுடும் முறையைப் பொறுத்து, சுமார் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை இருக்கும். அந்தப் பரப்பில் கரைந்த பொருள் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். எது ஒட்டும் என்பது அந்தப் பொருளைப் பொறுத்தது. தண்ணீரோடு அவ்வளவாக ஒத்துப்போகாத, ஓரளவு பெரிய கரிம மூலக்கூறுகள் நன்றாக ஒட்டும்: இலைச்சாறின் மஞ்சள், பீனால் வகைகள், வாடை தரும் சேர்மங்கள், மெத்திலீன் புளூ, மாலகைட் கிரீன் போன்ற மருந்துச் சாயங்கள். தண்ணீரில் மின்னேற்றம் பெற்றுக் கரைந்து நிற்கும் சிறிய அயனிகள் ஒட்டுவது மிக அரிது. அம்மோனியம், நைட்ரைட், நைட்ரேட், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இந்த வகை. இவற்றில் மீனைக் கொல்லக்கூடிய முதல் மூன்றில் எதையும் கரி பொருட்படுத்தத்தக்க அளவு எடுப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் கடினத்தன்மையையும் அது தொடுவதே இல்லை. துளையின் அளவும் ஒரு காரணி. சிரட்டைக் கரியில் இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான மிக நுண்ணிய துளைகள் மிகுதி. சிறு மூலக்கூறுகளுக்கு அது சிறந்தது. தண்ணீரை மஞ்சளாக்கும் பொருட்களில் பல உருவில் பெரியவை, பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரியின் அகன்ற துளைகளில் அவை எளிதாக நுழையும். கரி என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே பொருள் அல்ல, இதைக் கடைப் பொட்டலம் சொல்வதும் இல்லை.

மீன் வளர்ப்பில் திருப்பம் வந்தது 1970 வாக்கில். அந்த ஆண்டு ஸ்டீஃபன் ஸ்பாட், மூடிய அமைப்புகளில் தண்ணீரைப் பேணுவது பற்றி எழுதிய நூல், நைட்ரஜன் சுழற்சியை மீன் வளர்ப்பின் மையத்தில் வைத்தது. ஃபில்டர் என்பது முதலில் நுண்ணுயிர்களின் வீடு, அழுக்குப் பிடிப்பதும் நிறம் நீக்குவதும் அதற்கு அடுத்தவை என்ற வரிசை அதன் பிறகுதான் வீட்டுத் தொட்டிக்காரரிடம் மெல்ல மெல்ல இறங்கியது. சுழற்சியின் கடைசியில் சேரும் நைட்ரேட்டை வெளியேற்ற எளிய வழி தண்ணீரை மாற்றுவதே என்று தெரிந்தது. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது நல்ல பழக்கமாயிற்று. அப்போதே வாரிங்டனின் கொள்கை முடிந்துவிட்டது. மஞ்சள் நிறமும் பெரும்பாலும் அதனோடே போயிற்று, ஏனென்றால் நைட்ரேட்டை எடுத்துச் செல்லும் அதே வாளி மஞ்சளையும் எடுத்துச் செல்கிறது. அறிவியல் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தீர்ப்பவை நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்று 1998-இல் டிமோதி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். நன்னீர்த் தொட்டி ஃபில்டர்கள் பலவற்றில் அம்மோனியாவைத் தீர்ப்பதில் பாக்டீரியாவைவிட ஆர்க்கியா என்ற வேறொரு உயிர்க்குலம் மிகுதியாக இருக்கிறது என்று 2011-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒரே திசையைத்தான் காட்டியது: தொட்டியின் உயிர்நாடி ஃபில்டரில் படிந்திருக்கும் அந்த வழவழப்பான படலம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் கரி ஏன் நிரந்தரமாக நின்றது? அதற்குப் பதில் வணிகத்தில் இருக்கிறது. தொட்டியின் பின்புறம் தொங்கும் மோட்டார் ஃபில்டர்கள் அமெரிக்காவில் பரவியபோது, பஞ்சுறைக்குள் கரியை அடைத்த அட்டையைச் செருகி, சில வாரத்துக்கு ஒருமுறை எடுத்தெறிந்துவிட்டுப் புதிது போடும் முறை வந்தது. வாங்குபவருக்கு வசதி, விற்பவருக்கு மாதாமாதம் வருமானம். கரி சில வாரங்களில் நிரம்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அட்டையோடு போவது கரி மட்டும் இல்லை. சில வாரமாக அந்தப் பஞ்சில் வளர்ந்த நுண்ணுயிர்க் குடியிருப்பும் குப்பைக்குப் போகிறது. சிறிய தொட்டியில், ஃபில்டரில் அந்த அட்டையைத் தவிர வேறெதுவும் இல்லாதபோது, மாற்றிய சில நாட்களில் அம்மோனியா ஏறி மீன் வாடுவது இதனால்தான். தொழிலுக்கே இது தெரிந்திருந்தது. அட்டையை மாற்றினாலும் நுண்ணுயிர் தங்கும்படி தண்ணீர் விழுந்து சுழலும் ஒரு சிறு சக்கரத்தைச் சில ஃபில்டர்களில் தனியாகச் சேர்த்தார்கள். பயோ-வீல் என்று விற்றது அதுதான். அட்டை முறையின் குறையை ஈடுகட்ட அந்த முறைக்குள்ளேயே செய்த திருத்தமாகத்தான் இதை நான் பார்க்கிறேன். ஒரு நாளும் எறிய வேண்டாத, தொட்டித் தண்ணீரில் அலசிப் பிழிந்து மறுபடி மாட்டக்கூடிய ஸ்பான்ஜ் இதைவிட எளிய விடை. மீன் குஞ்சு பொரிப்பவர்கள் உலகெங்கும் அதைத்தான் நம்புகிறார்கள்.

இங்கே நியாயமான எதிர்வாதங்கள் சில உண்டு. முதலாவது, பெரிய கடல்நீர்க் காட்சிச் சாலைகளும் பவளத் தொட்டி வைத்திருப்போரும் கரி பயன்படுத்துகிறார்களே என்பது. பயன்படுத்துகிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. பவளம் ஒளியை நம்பி வாழ்வது, மஞ்சள் நிறம் ஒளியின் நீலப் பகுதியைத் தின்றுவிடும்; நெருக்கமாக வைத்த பவளங்கள் ஒன்றையொன்று தாக்க வெளியிடும் வேதிப் பொருட்களும் தண்ணீரில் சேரும். செய்த உப்புநீரை வாரந்தோறும் நிறைய மாற்றுவது செலவும் கூட. அங்கே தண்ணீரை மாற்றாத பழைய சூழல் இன்னும் உயிரோடிருக்கிறது, ஆகவே கரியும் இருப்பது பொருத்தமே. ஆனால் அங்கேயும் அது ஆபத்தில்லாதது என்று சொல்லிவிட முடியாது. தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும் ஒரு நோய் கடல் மீன்களைப் பல காலமாக வாட்டிவந்தது. 2011-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் ஓஷன் சர்ஜன் என்ற மீனை வைத்து இதைச் சோதித்தன. ஒன்றில், தண்ணீர் முழுவதும் கரி வழியாகப் போன தொட்டிகளின் மீன்களுக்கு அந்த நோய் வந்தது, கரி இல்லாத தொட்டிகளின் மீன்களுக்கு வரவில்லை. இன்னொன்றில், தூசி மிகுந்த பழுப்பு நிலக்கரிக் கரி கடுமையான புண்ணையும், இறுகிய உருண்டைக் கரி இலேசான புண்ணையும் உண்டாக்கின. கரி இல்லாத தொட்டிகளின் மீன்கள் தப்பின. இதை வைத்து நம் வீட்டுத் தங்க மீனுக்கும் அதே கதி என்று சொல்வது மிகை. கடல் மீனில், குறிப்பிட்ட இனத்தில் கண்டது அது. ஆயினும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று கரியைப் பற்றிச் சொல்லும் ஆறுதலை அந்த முடிவு உடைத்துவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம் குழாய்த் தண்ணீரைப் பற்றியது. நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கரி அதைப் போக்குகிறது, எனவே கரி வேண்டும் என்பார்கள். கரி குளோரினைச் சிதைப்பது உண்மை. ஆனால் ஃபில்டருக்குள் இருக்கும் கரி அதைச் சிதைப்பதற்குள் தண்ணீர் தொட்டிக்குள் ஊற்றப்பட்டு மீனின் செவுளைத் தொட்டிருக்கும். தண்ணீரை ஊற்றும் முன்பே தீர்க்க வேண்டிய பிரச்சினை இது. ஒருநாள் வாளியில் விட்டு வைப்பதோ சில சொட்டு ஆன்டி-குளோரினோ போதும். குளோரமின் இன்னும் கடினமானது. குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்து தீங்கான சேர்மங்களை உண்டாக்குகிறது என்று 1974-இல் தெரியவந்த பிறகு அமெரிக்காவில் பல நகரங்கள் குளோரமினுக்கு மாறின. வாளியில் விட்டு வைத்தால் அது எளிதில் போகாது. கரி அதை மெதுவாகத்தான் உடைக்கும், உடைத்த பிறகு அம்மோனியா மிஞ்சும். அந்த மிச்சத்தைத் தீர்க்கக் கடைசியில் நுண்ணுயிர்களிடம்தான் போக வேண்டும்.

மூன்றாவதாகக் கரியை எதிர்ப்போர் சொல்லும் ஒரு வாதத்தையும் திருத்த வேண்டும், அது என் பக்கத்துக்கு உதவுவதுபோலத் தோன்றினாலும் உண்மை இல்லை. நிரம்பிய கரி பிடித்த நஞ்சையெல்லாம் ஒருநாள் திடீரென்று தொட்டியில் கொட்டிவிடும் என்ற பயம் அது. பரப்புக் கவர்தல் ஒரு சமநிலை. தண்ணீரில் ஒரு பொருளின் அளவு குறைந்தால் கரியிலிருந்து கொஞ்சம் திரும்ப வரலாம், வேறொரு பொருள் வலுவாக ஒட்டி முன்னதைச் சிறிது தள்ளலாம். மொத்தமாகக் கொட்டாது. நிரம்பிய கரி புதிதாக எதையும் எடுக்காமல் நுண்ணுயிர் படிந்த கல்லாக அங்கே கிடக்கும், அவ்வளவுதான். அதை வெந்நீரில் அலசியோ அடுப்பில் வாட்டியோ புதுப்பிக்க முடியாது. நுண்துளைகளை மறுபடி திறக்க உலைக்குரிய வெப்பம் வேண்டும், அது சமையலறையில் கிடைக்காது.

கரி இல்லாத தண்ணீர் சற்றே நிறமாக இருப்பதைக் குறையென்று நினைக்கும் மனநிலையும் தொட்டி கூடத்து அலங்காரமாக வந்த காலத்தின் எச்சம். கார்டினல் டெட்ரா வாழும் அமேசான் படுகையின் ரியோ நீக்ரோ ஆறு தேயிலைச் சாறு போன்ற கருநீர். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் தென்கிழக்காசியாவில் நாட்டுவாதுமையின் காய்ந்த இலையைத் தொட்டியில் போடுகிறார்கள். நம் ஊர்த் தெருக்களில் பாதாம் மரம் என்று நிழலுக்கு வளர்க்கும் அதே மரம்தான். அந்த இலையிலிருந்து ஊறும் பழுப்பைத்தான் கரி முதலில் உறிஞ்சும். இலையையும் போட்டுக் கரியையும் போடுகிறவர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறார். செடித் தொட்டி வைத்திருப்பவர் ஊற்றும் இரும்புச் சத்தும், கரிமப் பொருளோடு பிணைந்த வடிவில் இருப்பதால், ஓரளவு கரிக்குப் போய்விடும். டயானா வால்ஸ்டாட் 1999-இல் செடித் தொட்டியின் சூழலியல் பற்றி எழுதிய நூலில் கரைந்த கரிமப் பொருளை வேண்டாத அழுக்காகப் பார்க்காமல் செடிக்கு உதவும் பொருளாகப் பார்த்ததை இங்கே நினைவுகூர வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்கோடு முடிவதில்லை. உலகின் நல்ல ஆக்டிவேட்டட் கார்பனில் கணிசமான பங்கு தென்னை விளையும் நாடுகளிலிருந்து போகிறது; இலங்கையில் ஹேகார்ப் நிறுவனம் 1973 முதல் இதையே தொழிலாக நடத்துகிறது. நம் பக்கம் பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கும் களங்கள் பல. சுடும்போது சிரட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே கரியாக மிஞ்சும். அந்தக் கரியை மறுபடி நீராவியில் 800 டிகிரிக்கு மேல் வைத்தெடுக்கும்போது அதிலும் பெரும்பகுதி எரிந்துபோகும். சில களங்களில் எரியும் கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்த முறையால், அந்தக் கழிவுநீர் மண்ணில் இறங்கிக் கிணறுகள் கெட்டன என்று கொங்குப் பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். மீன் தொட்டிக்குப் போகும் கரி இந்த வணிகத்தில் மிகச் சிறு துளிதான். தங்கச் சுரங்கமும் குடிநீர்ச் சுத்திகரிப்பும் அதைவிடப் பன்மடங்கு வாங்குகின்றன. ஆனாலும் ஒருவர் கிணற்றின் விலையில் செய்த பொருளை வேலையே இல்லாத இடத்தில் வைத்து மாதந்தோறும் குப்பையில் போடுவதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

ஆகவே கரியை வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்றுப்புகாத டப்பாவில் ஒரு பொட்டலம் இருக்கட்டும். அடைத்து வைத்தால் வருடக்கணக்கில் கெடாது, திறந்து வைத்தால் வீட்டின் காற்றிலிருந்தே வாடைகளை வாங்கிக்கொண்டு வலுவிழக்கும். மீனுக்கு மருந்து கொடுத்து முடித்த பின் மிச்சத்தை எடுக்க, தொட்டிக்குள் பூச்சிமருந்தோ நறுமணத் தெளிப்போ தவறி விழுந்தால் காப்பாற்ற, புதிதாகப் போட்ட மரக்கட்டை தண்ணீரைக் கறுக்க வைத்து அது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் நீக்க என்று மட்டும் பயன்படுத்துங்கள். போடும் முன் தூசி போக நன்றாக அலசி, ஒரு வலைப்பையில் கட்டித் தண்ணீர் ஓடும் வழியில் வையுங்கள். இரண்டு வாரத்தில் எடுத்துவிடுங்கள். மருந்து கொடுக்கும் நாட்களில் கரி ஃபில்டரில் இருக்கவே கூடாது, மருந்தையே அது தின்றுவிடும். மற்ற நாட்களில் அந்த இடத்தில் இன்னொரு ஸ்பான்ஜை வைத்து, வாரந்தோறும் கால் தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள்.